'கொலஸ்ட்ரால் இல்லை' என்ற வரி பற்றி

போத்தலில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருந்தால் அது இதயத்துக்கு நல்ல எண்ணெய், கறி வதக்க அதையே வாங்கலாம் என்று மேலே ஓர் அக்கா சொல்லியிருக்கிறார். அந்த வரி பொய்யில்லை அக்கா. ஆனால் தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் சொல்லும்படி இருக்காது, பாமாயிலிலும்கூட. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு, அதாவது 'சாச்சுரேட்டட் ஃபேட்'.

அடுத்த முறை தேக்கா சந்தைப் பக்கம் போனால் போத்தலைத் திருப்பி, சத்து அட்டவணையில் 'சாச்சுரேட்டட் ஃபேட்' வரியைப் பாருங்கள். எழுத்து பொடிசு, எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது! 100 கிராமில் பாமாயிலுக்குக் கிட்டத்தட்ட 50 கிராம், கனோலா எண்ணெய்க்கு 7 கிராம்தான். வெறும் 'வெஜிடபிள் ஆயில்' என்றிருந்தால் சேர்மானப் பட்டியலையும் படியுங்கள். பல நேரம் அது பாமாயில்தான்.