ஐரோ மாமா இல்லை, பெரியப்பா

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' கார்ட்டூன் தொடர் 2008-ல் 61 அத்தியாயத்தோடு முடிந்துபோச்சு. அதில் வரும் இளவரசன் ஜூக்கோவின் அம்மா என்ன ஆனாள் என்பதற்கு டிவியில் பதில் வரவில்லை. 2013-ல் டார்க் ஹார்ஸ் வெளியிட்ட 'தி சர்ச்' காமிக்ஸில்தான் வந்தது. ஜீன் லுவென் யாங் எழுத்து, குரிஹிரு ஓவியம். இந்தக் காமிக்ஸ் பக்கங்களை வீடியோவாக்கித் தமிழில் குரல் கொடுக்க மதுரைப் பசங்க குழு சேர்வது சந்தோஷம்தான். ஆனால் சேர்ந்ததும் முதல் பேச்சே "எந்த மைக் வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறது. மைக்கால் கெட்ட டப்பிங் கொஞ்சம், வசனத்தால் கெட்டதுதான் நிறைய.

முதலில் உறவுமுறையைச் சரியாக வையுங்கள். ஐரோ, ஜூக்கோவின் அப்பா ஓசாயின் அண்ணன். அப்படியென்றால் ஜூக்கோவுக்குப் பெரியப்பா. 'அங்கிள்' என்ற சொல்லைப் பார்த்ததும் 'மாமா' என்று எழுதினால், அப்பன் வழிச் சொந்தம் அம்மா வழிக்குத் தாவிவிடுகிறது. அம்மாவைத் தேடிப் போகிற கதையில் இந்தத் தப்பு சின்னத் தப்பில்லை. இன்னொரு அண்ணன்-தங்கை ஜோடியில் கட்டாராவுக்கு சொக்கா 'அண்ணே'. அசூலா ஜூக்கோவுக்குத் தங்கை. அவள் கத்தத் தேவையில்லை, "வாங்கண்ணே" என்று மரியாதையை ஒரு பிடி கூட்டிச் சொன்னாலே நக்கல் தெறிக்கும்.

அடுத்தது பலூன், அதாவது வசனம் எழுதியிருக்கும் குமிழி. அமெரிக்க காமிக்ஸில் அழுத்த வேண்டிய சொல்லைத் தடித்த எழுத்தில் போடுவார்கள். அதைப் பார்த்து நம்மாட்கள் அந்தச் சொல்லில் குரலை உயர்த்துகிறார்கள். தமிழில் அழுத்தம் தொண்டையில் இல்லை, 'தான்', 'ஏ'யில் இருக்கு. "நீதான் சொன்ன", "இப்பவே கிளம்பு" என்று எழுதிவிட்டால் சத்தம் போடாமலே விழும்.

இதைவிடக் கஷ்டமானது, ஒரே வாக்கியம் காமிக்ஸின் இரண்டு படக் கட்டத்தில் பிரிந்து வருவது. முதல் கட்டத்தில் ஒருவன் முகம், இரண்டாவதில் அவன் கண்டது. "வாசலில் அம்மாவைப் பார்த்தேன்" என்று எழுத்துத் தமிழில் போனால், அம்மா படத்தில் வருவதற்கு முன்னாலேயே வாயில் வந்துவிடுவாள். பேச்சில் நாம் அப்படியா சொல்கிறோம்? "பாத்தேன்டா வாசல்ல... அம்மாவ." கட்டம் மாறும் இடத்தில்தான் அந்த நிறுத்தம் விழ வேண்டும்.

வட்டார வழக்கை எல்லார் வாயிலும் திணிக்க வேண்டாம். டோஃபுக்குக் கொடுங்கள், பொருந்தும். பணக்கார வீட்டுப் பிள்ளை, வேண்டுமென்றே கரடுமுரடாகப் பேசுகிறவள். கூட்டாளிகளிடம் "அங்கிட்டு என்னடா பண்ணுறாய்ங்க?" என்று கேட்கும் அவளே, இதே வரிசையில் வரும் 'தி ரிஃப்ட்' காமிக்ஸில் அப்பா எதிரே நிற்கும்போது சுத்தமாகப் பேசட்டும். அந்த மாற்றம் ஒன்றே பாதி நடிப்பு.

மூலக்குரலைக் காப்பியடிக்கப் போய்த் தொண்டையைப் புண்ணாக்காதீர்கள். டிவித் தொடரில் ஐரோவுக்குப் பேசிய மாகோ 2006-ல் காலமானார். அடுத்து கிரெக் பால்ட்வின் பேசினார். அவர் தொழில்முறைக் கலைஞர், அந்தச் சாயலைத் தாங்கினார். வீட்டில் பேசுகிறவர் கரகரப்பை இழுத்துப் பிடித்தால் அரை மணி நேரத்தில் குரல் மாறி, முதல் பக்கத்து ஐரோ வேறு, இருபதாம் பக்கத்து ஐரோ வேறு ஆகிவிடும். நிதானமான வேகம் போதும்.

அறைக்கு வருவோம். சுங்குடிச் சேலையைச் சுற்றித் தொங்கவிட்டால் பார்க்க அழகு, எதிரொலி அப்படியே இருக்கும். போடிப் பக்கத்து இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பேசுகிறவர் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். மைக் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண், நேராக இல்லாமல் வாயோரமாக. இல்லாவிட்டால் ஒவ்வொரு 'பெரியப்பா'வுக்கும் காற்று வந்து இடிக்கும். பதிவாகும் ஒலியின் உச்ச அளவு -12-க்கும் -6 டெசிபலுக்கும் நடுவே நிற்கட்டும். ஃபேனை அணைத்துவிட்டு, யாரும் பேசாமல் பத்து விநாடி அறைச் சத்தத்தையும் பதிவு செய்யுங்கள், இடைவெளிகளை ஒட்ட உதவும். சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதிகளில் வீடிருந்தால் மைக்கை எடுக்கவே வேண்டாம்.

மேலூரில் ஒருத்தர், திருப்பரங்குன்றத்தில் ஒருத்தர் என்று பதிவு செய்தால், ஒரே கூடாரத்தில் நிற்கும் இரண்டு பேர் இரண்டு ஊரில் நிற்பது மாதிரிக் கேட்கும். எதிராளியின் பதிவை ஹெட்போனில் ஓடவிட்டுப் பேசுங்கள். அனுப்பும்போது வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் கூடவே கூடாது, அது ஒலியைச் சுருக்கிக் கெடுக்கும். ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாக, டாக்குமெண்டாக, பக்கம்-கட்டம்-பாத்திரம் என்று பெயரிட்டு அனுப்புங்கள்.

இந்தக் காமிக்ஸின் ஒரு பாகம் எழுபத்தைந்து பக்கத்தை ஒட்டி வரும். பக்கத்துக்கு ஐந்து கட்டம், கட்டத்துக்கு நாலு விநாடி என்றால் 25 நிமிடம். வசனமில்லாத கட்டத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கதை மூச்சுவிடுவதே அங்கேதான், வெட்டாதீர்கள்.

"காசு பார்க்கவில்லை, அதனால் தப்பில்லை" என்பது சட்டம் இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்க்கவும் தழுவவும் உள்ள உரிமை உரிமையாளருடையது. 'நன்றி' போட்டால் அனுமதி ஆகாது. யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை ஸ்ட்ரைக் (எச்சரிக்கை) விழுந்தால் சேனலே போகும். அனுமதி கேட்டு எழுதுவதுதான் முறை. வரையத் தெரிந்த ஆள் குழுவில் இருந்தால், சொந்தக் கதையைச் சொந்த ஓவியத்தில் செய்வது இன்னும் நிம்மதி.

வெளியிடும் முன் முதல் பத்துப் பக்கத்தின் ஒலியை மட்டும், கதை தெரியாத ஒருத்தருக்குப் போட்டுக் காட்டுங்கள். "இப்பப் பேசுறது யாரு?" என்று அவர் எந்த இடத்தில் கேட்கிறாரோ, அந்த வசனத்தைத் திரும்ப எழுதுங்கள்.