எதிர்க் கடையில் எத்தனை பேர்?

மதுரையில் ஒரு தெருமுனை. மாமா மாவுக் கடை திறந்து 16 நாள் ஆகிறது. எதிரே இன்னொரு மாவுக் கடை வந்து 4 நாள். மாமா கையில் நோட்டு, பேனா. மனைவியின் தம்பி தூக்குவாளியோடு வருகிறான்.

மாப்பிள்ளை: என்ன மாமா, காலையிலேயே கணக்கா? வியாபாரம் பரவாயில்லையா?

மாமா: இரு இரு. பச்சைச் சட்டை, 2 பாக்கெட். (எழுதுகிறார்) இதோடு 27 பேர்.

மாப்பிள்ளை: நம் கடைக்கா!

மாமா: எதிர்க் கடைக்கு.

மாப்பிள்ளை: அப்போது நம் கடைக்கு?

மாமா: ஒரு நோட்டுதானே இருக்கிறது, அதில் எத்தனை கடையை எழுதுவது?

மாப்பிள்ளை: உள்ளே கிரைண்டர் ஓடுகிறதே, எப்போது போட்டீர்கள்?

மாமா: ஆறே காலுக்கு. அவன் ஷட்டர் தூக்கினான், நான் உளுந்தைப் போட்டேன்.

மாப்பிள்ளை: ஐயோ மாமா, மணி ஏழே முக்கால்! உளுந்துக்கு அரை மணி, முக்கால் மணி போதுமே! (ஓடிப்போய் நிறுத்துகிறான்) கொதிக்கிறது. ஐஸ் தண்ணீர் தெளிக்கவில்லையா? ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், இது அடியில் போய்ப் படுத்துவிட்டது. கோயம்புத்தூர் வரை போய்த் தூக்கி வந்த கிரைண்டர் மாமா, புவிசார் குறியீடு வாங்கிய சாமான்!

மாமா: ஐஸ் வாங்கத்தான் கிளம்பினேன். அந்த நேரம் பார்த்து அவன் போர்டில் கிலோ 40 என்று எழுதினான். நான் 38 போட்டேன். அவன் 36. நான் 34.

மாப்பிள்ளை: அப்புறம்?

மாமா: அப்புறம் அவன் டீ குடிக்கப் போய்விட்டான். எனக்குத்தான் கை நிற்கவில்லை, 30 வரை வந்துவிட்டேன்.

மாப்பிள்ளை: அரிசி, உளுந்து, கரண்ட், கவர் எல்லாம் சேர்த்து நமக்கு அடக்கமே 32 மாமா.

மாமா: தெரியும். ஆனால் அது அவனுக்குத் தெரியாதே!

மாப்பிள்ளை: நேற்று மாவு உப்புக் கரித்தது என்று இரண்டு பேர் திருப்பிக் கொடுத்தார்களாமே?

மாமா: அவன் ஏணி போட்டு சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததில் உப்புப் போட்டேனா இல்லையா என்று சந்தேகம். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை போட்டு வைத்தேன். அதை விடு, வாளியில் என்ன?

மாப்பிள்ளை: அக்கா இட்லி கொடுத்து விட்டாள்.

மாமா: (ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு) ஆகா! பூ மாதிரி இருக்கிறது பார். இதுதான்டா நம் மாவு. இதற்கு முன்னால் அவன் நிற்க முடியுமா?

மாப்பிள்ளை: (நோட்டைப் புரட்டி) மாமா, இது என்ன? ‘6:30, முக்காடு போட்ட நீலச் சேலை, மஞ்சப்பை, 1 கிலோ, வேகமாகப் போனது.’

மாமா: ஆமாம், யாரோ ஒரு பொம்பளை. எத்தனை பாக்கெட் என்று கையைத்தான் பார்த்தேன், முகத்தை எங்கே பார்த்தேன்?

மாப்பிள்ளை: அக்கா இன்றைக்கு நீலச் சேலைதான் மாமா.

(மாமா மெல்லுவதை நிறுத்துகிறார். வாளியைப் பார்க்கிறார். எதிர்க் கடையைப் பார்க்கிறார். இன்னொரு இட்லியை எடுத்துக்கொள்கிறார்.)

மாமா: அந்தப் பேனாவை எடு. 27-ஐ அடித்துவிட்டு 26 என்று போடு. வீட்டு ஆட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.