வறட்சிக்கான 10 சென்ட், டெய்ரி ஆஸ்திரேலியாவுக்குப் போனதா?

"ஆஸ்திரேலியாவில் வறட்சி நிவாரணம் என்று சொல்லி பாலுக்கு லிட்டருக்கு 10 சென்ட் கூடுதலாக வாங்கினார்கள். அதை டெய்ரி ஆஸ்திரேலியா எடுத்து, 'பால் குடியுங்கள்' விளம்பரத்துக்குச் செலவழித்துவிட்டது" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. (டெய்ரி ஆஸ்திரேலியா என்பது அந்நாட்டுப் பால் பண்ணைத் துறைக்கான ஆராய்ச்சி, சேவை அமைப்பு.) இது தவறு. இரண்டு வேறு வசூல்களை ஒன்றாக்கிவிட்டார்கள்.

அந்த 10 சென்ட், 2018-இல் வூல்வொர்த்ஸ் போன்ற பெரிய கடைகள் தாங்களே அறிவித்தது. டெய்ரி ஆஸ்திரேலியாவுக்கு வருவது வேறு பணம்: பாலில் உள்ள கொழுப்பு, புரத அளவை வைத்துப் பண்ணையாளர்களிடமிருந்தே பிடிக்கப்படும் தீர்வை. ஆராய்ச்சிக்கு அரசும் பங்கு தருகிறது. பால் விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் இந்த அமைப்புக்குக் கிடையாது.

சரி, விளம்பரம்? ஊட்டச்சத்துப் பிரச்சாரம் அதன் வேலைகளில் ஒன்றுதான், அதை அது மறைக்கவும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் மாட்டுச் சிலைக்கு வண்ணம் தீட்டும் 'பிக்காசோ கவ்ஸ்' அதில் ஒன்று. பால் விற்கும் துறையே பாலின் நன்மையைச் சொல்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.

வறட்சியில் டெய்ரி ஆஸ்திரேலியா நிவாரணப் பணம் கொடுப்பதில்லை. வைக்கோல், தானியச் சந்தை விலை அறிக்கை, தீவனத் திட்டமிடல், பண்ணைக் கணக்கை ஆலோசகரோடு உட்கார்ந்து பார்க்கும் ஏற்பாடு, இவைதான் அது தருவது.

கடைகள் மேல் சந்தேகம் வருவதில் நியாயம் உண்டு. 2019-இல் உயர்த்திய விலை முழுதாகப் பண்ணையாளர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று ஆஸ்திரேலியாவின் வணிகப் போட்டி ஆணையம் கேள்வி எழுப்பிய பிறகு, கோல்ஸ் என்ற பெரிய கடை நிறுவனம் நார்கோ கூட்டுறவுப் பண்ணையாளர்களுக்குச் சுமார் 52.5 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.