அந்த மேப்பை அப்படியே விட்டிருக்கலாம்

நாலு நாளாக எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். துக்க வீட்டில் போய்ச் சண்டை போட்டவன் என்ற பெயர் எதற்கு என்று பேசாமல் இருந்தேன். நேற்று இரவு அந்தப் பதிவின் கீழே "அருமையான அஞ்சலி", "இதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியாது" என்று வரிசையாக வந்து விழுந்ததைப் படித்த பிறகு முடியவில்லை. எதைச் சொல்கிறேன் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: டூம் என்ற கேமுக்கு மேப், அதாவது ஆடுகிறவர் சுற்றி வருகிற களம், செய்துவந்த ஒருவர் இறந்துபோனார்; அவர் பாதியில் விட்ட மேப்பை இன்னொருவர் முடித்து வெளியிட்ட பதிவு அது. செய்தவர் பெயரை எழுதப் போவதில்லை. போனவர் பெயரையும் எழுதவில்லை, அவரை இந்தச் சண்டைக்குள் இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒருவர் பாதியில் விட்டுப்போன மேப்பை, அவர் போன ஐந்தாம் நாளே, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் "முடித்து" வெளியிடுவது அஞ்சலி ஆகாது. மேப்போடு போகிற உரைக்கோப்பான ரீட்மியில் முதல் பெயராக உங்கள் பெயரையும் அதற்குக் கீழே அவர் பெயரையும் போட்டால் அது சுத்தமாக ஆகாது. எத்தனை பேர் நல்ல மனசோடு செய்தது என்று வந்து சொன்னாலும் எனக்கு இதுதான் நிலை. அது அவருடைய மேப். அவர் முடிக்கவில்லை. அப்படியே விட்டிருக்கலாம்.

டூம் 1993 டிசம்பரில் வந்த கேம். முப்பது வருடம் தாண்டியும் அதற்குப் புது மேப் வந்துகொண்டே இருக்கிறதென்றால், மேப் எல்லாவற்றையும் வாட் என்ற தனிக் கோப்பில் வைத்து, ஆடுகிறவர்களும் கை வைக்கட்டும் என்று விட்டதுதான் காரணம். 1997ல் சோர்ஸ் கோடையும் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இதில் உழைக்கிற பெரும்பாலானவர்களுக்குக் காசு கிடையாது. வேலை முடிந்து வந்து, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எடிட்டரைத் திறந்து ஒரு படிக்கட்டின் உயரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள்தான் இந்தச் சமூகமே. அவரும் அப்படித்தான், 15 வருடத்துக்கு மேல்.

டூமை ஓட்டுகிற எஞ்சினில் ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறை கட்ட முடியாது. செக்டார் என்கிற ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தரை, ஒரு கூரை, ஓர் ஒளி அளவு, அவ்வளவுதான். 24 யூனிட்டுக்கு மேல் உயரமான படியில் ஆள் ஏறமாட்டான். இத்தனை கட்டுக்குள் நின்றுகொண்டு, நாம் ஒரு பெரிய கோட்டையின் மூன்றாம் மாடியில் நிற்கிறோம் என்று அவர் நம்ப வைப்பார். ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே ஏதோ ஒரு ஜன்னல் வழியாக நீலச் சாவி கண்ணில் படும். அதை எடுக்க நாற்பது நிமிடம் சுற்ற வேண்டும். சுற்றி முடித்துச் சாவிக்குப் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் அதே ஜன்னல், அந்தப் பக்கம் நாம் தொடங்கிய இடம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

இன்னொன்றும் செய்வார். ஒவ்வொரு மேப்பிலும் ஒரு மூலையில் ஒற்றைத் தீப்பந்தம் வைத்த சின்ன மாடம் ஒன்று இருக்கும். ஆயுதம் இருக்காது, மருந்து இருக்காது, கேம் எண்ணிச் சொல்கிற ரகசிய இடங்களின் கணக்கிலும் ஏறாது. அங்கே போய் நின்றால் மேப்பில் பாதி கீழே தெரியும். சும்மா நின்று பார்க்க ஓர் இடம். ஏன் வைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கட்டினவனுக்கு உட்கார ஓர் இடம் வேண்டாமா என்கிற மாதிரி ஏதோ சொன்னார். வெளியிட்டிருக்கிற "முடித்த" பதிப்பில் அந்த மாடத்தில் இப்போது ஒரு ராக்கெட் லாஞ்சர் இருக்கிறது. நான் ஏன் கோபப்படுகிறேன் என்று கேட்கிறவர்களுக்கு இதற்கு மேல் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

எனக்கும் அவருக்கும் என்ன பழக்கம் என்று ஒருவர் கேட்டிருந்தார். சொல்கிறேன். என் முதல் மேப்பை வெளியிட்டபோது அதை முழுதாக ஆடியவர்கள் ஆறேழு பேர் இருக்கலாம். அதில் ஒருவர் அவர். கருத்து எதுவும் எழுதவில்லை. ஒரு டெமோ கோப்பை அனுப்பினார், அவ்வளவுதான். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: டூம் டெமோ வீடியோ கிடையாது. விநாடிக்கு 35 முறை, ஆள் எந்தப் பக்கம் நடந்தான், எவ்வளவு திரும்பினான், எந்தப் பொத்தானை அழுத்தினான் என்பது மட்டும்தான் அதில் பதிவாகும். 14 நிமிட ஆட்டம் 120 கிலோபைட்டைத் தொடாது. அதைப் போட்டால் நம் கணினியில் கேம் மறுபடி முதலிலிருந்து நடக்கும், அவர் விரல் நகர்ந்தபடியே.

போட்டுப் பார்த்தேன். வேகமாக ஆடிக்கொண்டு வந்தவர் என்னுடைய இரண்டாவது அறையில் ஒரு சுவர் முன்னால் நின்றுவிட்டார். சுடவில்லை, நகரவில்லை. கொஞ்சம் இடப்பக்கம் போனார், கொஞ்சம் வலப்பக்கம் வந்தார். மறுபடி இடப்பக்கம். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, அந்தச் சுவரில் டெக்ஸ்சர், அதாவது சுவர்மேல் ஒட்டுகிற படம், எட்டு பிக்ஸல் தள்ளி ஒட்டியிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் அந்த எட்டு பிக்ஸலைக் காட்டிவிட்டுப் போனார். கடைசி அறையின் ஒளியை 192லிருந்து 144க்குக் குறைத்துப் பார் என்று மறுநாள் ஒரு வரி வந்தது. குறைத்தேன். அறையே மாறிப்போனது. அன்றிலிருந்து நான் எது செய்தாலும் முதலில் அவருக்குத்தான் போகும். அவர் செய்கிற மேப்களை வெளியிடும் முன் ஆடிப் பார்க்கிற நாலு பேரில் ஒருவனாக என்னையும் சேர்த்துக்கொண்டார். அந்த நாலு பேருக்கு மட்டும் போன கோப்புதான் இப்போது ஊரெல்லாம் சுற்றுகிறது. எப்படி வெளியே போனது என்று எனக்குத் தெரியும். அதை அந்த ஆளிடம் தனியாகப் பேசிவிட்டேன், இங்கே வேண்டாம்.

சரி, எதிர்ப்பேச்சுகளுக்கு வருகிறேன்.

"அவரே தன் ரீட்மிகளில், இதை வைத்து யார் வேண்டுமானாலும் மாற்றிச் செய்யலாம் என்று எழுதியிருக்கிறாரே." உண்மைதான், மறுக்கவில்லை. மேப்போடு போகிற அந்த உரைக்கோப்பில், மற்றவர்கள் இதை அடிப்படையாக வைத்து மாற்றலாமா கூடாதா என்று ஒரு வரி இருக்கும், அவர் எப்போதும் மாற்றலாம் என்றுதான் வைப்பார். ஆனால் அந்த வரியை அவர் எப்போது எழுதுவார்? மேப் முடிந்து, கடைசிக் கதவும் சரியாகத் திறக்கிறது என்று பார்த்து, இனி என் கையை விட்டுப் போகலாம் என்று தோன்றிய பிறகு எழுதுவார். இந்த மேப்புக்கு ரீட்மியே கிடையாது. இல்லாத கோப்பில் எழுதாத வரியை அவர் அனுமதியாக எப்படி எடுத்துக்கொள்வது?

"ஒரிஜினல் டூமிலேயே டாம் ஹால் விட்டுப்போன மேப்களை சாண்டி பீட்டர்சன்தானே முடித்தார்." ஆமாம், முடித்தார். டாம் ஹால் டூமைச் செய்த நிறுவனத்தை விட்டுப் போனார், இந்த உலகத்தை விட்டுப் போகவில்லை. அது கம்பெனி வேலை, கெடு இருந்தது, கேம் வெளியாக வேண்டும். இங்கே யாருக்கு என்ன கெடு? ஐந்து நாளில் என்ன குடி முழுகிவிடும்?

"கல்கி முடிக்காமல் விட்ட அமரதாரா நாவலை அவர் மகள் ஆனந்தி எழுதி முடிக்கவில்லையா?" இதைக் கேட்டவர் என் நண்பர், யோசித்துக் கேட்ட கேள்வி, அதனால் நானும் ஒரு ராத்திரி யோசித்தேன். மகள். அப்பா வைத்துவிட்டுப் போன குறிப்புகள் கையில் இருந்தன. எழுதியது யார் என்று படிக்கிறவர்களுக்கும் தெரியும். இங்கே அவருடைய வீட்டாரிடம் யாராவது கேட்டார்களா? அவர் குறிப்பு எதையாவது பார்த்தார்களா? அந்த மேப்பில் இருக்கிற படிக்கட்டு எங்கே போகப் போகிறது என்று எங்கள் நாலு பேருக்கே அவர் சொல்லவில்லை. கேட்டு, காத்திருந்து, எது அவர் செய்தது எது நான் சேர்த்தது என்று பிரித்துச் சொல்லி, ஒரு வருடம் கழித்து யாராவது செய்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? தெரியவில்லை. ஒருவேளை அப்போதும் வலித்திருக்கும், ஆனால் இப்படி எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

"உனக்குப் பொறாமை, நீ முடித்துப் பெயர் வாங்க நினைத்தாய், முந்திக்கொண்டார்கள்." இதற்குப் பதில் இல்லை. என் கணினியில் அந்தக் கோப்பு ஏழு மாதமாக இருக்கிறது.

கடைசியாக வந்த கேள்விதான் என்னை உண்மையில் உடைத்தது. "முகம்கூடப் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை, ஒரு கேமுக்கு மேப் போட்டவர், அதற்கு இத்தனை அழுகையா?" ஆமாம், முகம் பார்த்ததில்லை. அவர் எந்த இடத்தில் அவசரப்படுவார், எந்த இடத்தில் நிதானிப்பார், பயந்தால் எந்தப் பக்கம் திரும்புவார் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி இவ்வளவு தெரியுமா உங்களுக்கு?

இதில் புதிதாக ஒன்றும் இல்லை, இப்படிப் பேசுகிறவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். 2006ல், பலர் சேர்ந்து இணையத்தில் ஆடுகிற வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமில் இறந்துபோன ஒருவருக்காக கேமுக்குள்ளேயே கூடி நின்றவர்களை எதிரணிக் கூட்டம் புகுந்து வெட்டி, அதை வீடியோவாகவும் போட்டது. அப்போதும் "கேம்தானே" என்றுதான் சொன்னார்கள். அதே கேமில், நார்வேயில் தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்த மாட்ஸ் ஸ்டீன் 2014ல், 25 வயதில் இறந்தபோது, பிள்ளை தனியாகவே வாழ்ந்து போய்விட்டான் என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள். அவருடைய வலைப்பதிவில் செய்தியைப் போட்ட பிறகு கடிதங்கள் வந்து குவிந்தன, கேமில் மட்டுமே பழகியவர்கள் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கு வந்து நின்றார்கள். டூம் ஆட்களுக்கும் சாவு புதிதல்ல. எஸ்பி என்ற பெயரில் மேப் செய்தவர் 2009ல் போனார், டூம் மேப்களுக்கு வருடாவருடம் கொடுக்கிற கேக்கோவார்ட்ஸ் விருதுகளில் இன்றும் வாழ்நாள் சாதனை விருது அவர் பெயரில்தான் கொடுக்கப்படுகிறது. மேப்கள் சேர்ந்து கிடக்கிற ஐடிகேம்ஸ் கிடங்கைப் பல வருடம் பார்த்துக்கொண்ட டை ஹால்டர்மன் 2015ல் போனார். துக்கம் எப்படிக் காப்பது என்று இந்தச் சமூகத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

செய்தி வந்த அன்று இரவு எத்தனை பேர் அவருடைய பழைய மேப்களைத் திறந்து, ஒரு குண்டுகூடச் சுடாமல், அந்தத் தீப்பந்த மாடத்தில் போய் நின்று படம் எடுத்துப் போட்டார்கள்! யாரும் யாரிடமும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. அத்தோடு நின்றிருந்தால்.

மேப்பை "முடித்து" வெளியிட்ட அந்தத் தம்பிக்கு வயது குறைவு, ஆர்வத்தில் செய்துவிட்டார் என்கிறார்கள். இருக்கலாம். நான் அவரைத் திட்டவில்லை. கோப்பை எடுத்துவிடுங்கள் என்று மூன்று முறை தனியாகக் கேட்டேன், மூன்று முறையும் டவுன்லோடு எண்ணிக்கையைத்தான் காட்டினார்.

அவர் எங்களுக்கு அனுப்பிய மேப் முடியாத மேப். கடைசி அறையில் இரண்டு சுவருக்கு டெக்ஸ்சர் கிடையாது, அங்கே பார்த்தால் படம் கலங்கிப்போய் முந்தைய காட்சியின் மிச்சமெல்லாம் இழுபடும். கூடவே அவரே ஆடின டெமோவும் அனுப்பியிருந்தார், இதுவரை போகலாம் என்று காட்ட. அதில் கடைசியாக அந்தக் கலங்கின சுவர் முன்னால் போய் நிற்பார், மெதுவாக ஒரு முழுச் சுற்றுத் திரும்பி அறையைப் பார்ப்பார், அத்தோடு முடியும்.

நேற்று இரவு அந்த டெமோவை "முடித்த" பதிப்பில் போட்டுப் பார்த்தேன். போட்டிருக்கக் கூடாது. மேப்பில் ஒரு கதவு நகர்ந்தாலும் டெமோ தடம் மாறிவிடும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதில் இருப்பது வெறும் விரலசைவுதான், சுவர் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. முதல் அறை சரியாக வந்தது. இரண்டாவது படிக்கட்டு சரியாக வந்தது. அப்புறம் அவர் எப்போதும் போல இடப்பக்கம் திரும்பி, கதவு இருந்த இடத்துக்கு ஓடினார். அங்கே இப்போது சுவர். திறக்கிற பொத்தானை அழுத்தினார். சுவரில் அழுத்தினால் ஆள் முனகுவானே, அந்தச் சத்தம். மறுபடி அழுத்தினார், மறுபடி முனகல். பிறகு திரும்பி, இல்லாத நடைபாதையில் நடக்கிற மாதிரி, அந்தச் சுவரோடு உரசிக்கொண்டே நடந்தார். இன்னும் ஒன்பது நிமிடம் மிச்சம் இருந்தது. நிறுத்தாமல் முழுதாகப் பார்த்தேன்.