சர்வர் இல்லை என்றால் கண்காணிப்பும் இல்லையா?

"மைய சர்வர் இல்லாததால் பியர்-டு-பியர் தேடலில் நம்மை யாரும் பார்க்க முடியாது" என்று பியர்-டு-பியர் (பயனர்களின் கணினிகளே ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும் முறை) தேடல் பற்றிய கட்டுரை ஒன்று சொல்வதை ஏற்க முடியவில்லை. ஒரே நிறுவனத்திடம் போய்க்கொண்டிருந்த கேள்வி இங்கே முன்பின் தெரியாத பல கணினிகளுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

2000-இல் வந்த நுடெல்லா என்ற கோப்புப் பகிர்வு வலையில் தேடும் சொல் கணினி விட்டுக் கணினி தாவும். வழியில் இருக்கும் எல்லோரும் அதைப் படிக்கலாம். ஆனால் முதலில் கேட்டது யார் என்பது ஓரளவு மங்கலாகவே இருந்தது. 2002-இல் வந்த கடெம்லியா என்ற தேடல் முறையில் (கோப்புப் பகிர்வு வலையான பிட்டொரென்ட்டில் எது யாரிடம் இருக்கிறது என்று காட்டும் பகிர்ந்த அட்டவணையான பிட்டொரென்ட் டிஎச்டி இதன் வழிவந்ததுதான்) நம் கணினியே ஒவ்வொரு நோடையும் (வலையில் இணைந்த கணினி) நேரடியாகக் கேட்கிறது. எனவே நம் ஐபி முகவரியும் நாம் தேடும் பொருளின் ஹாஷும் (அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் அடையாளக் குறி) அந்த நோடுக்கு ஒருசேரக் கிடைத்துவிடும். வேகம் கூடியது, மறைவு குறைந்தது.

சரி, ஹாஷ் ஆக்கிவிட்டோமே என்றால், அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. பியர்-டு-பியர் முறையில் இயங்கும் யாசி தேடுபொறியும் சொற்களை ஹாஷாக மாற்றித்தான் பிற கணினிகளிடம் கேட்கிறது. அகராதிச் சொற்களை எல்லாம் ஹாஷ் செய்து, எது பொருந்துகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண லேப்டாப் போதும்.

டோர் (நம் ஐபி முகவரியை மறைக்கும் வலை) போட்டால் தீர்ந்தது என்பவர்களுக்கு: தரவு அனுப்பும் முறைகளில் டோர் டிசிபியை மட்டுமே சுமக்கும், பிட்டொரென்ட் டிஎச்டி ஓடுவதோ யுடிபி என்ற வேறு முறையில். அதற்கு, டோர் போலவே முகவரியை மறைக்கும் ஐ2பி வலைக்குள்ளேயே இயங்கும் கிளையன்ட் (பயனர் மென்பொருள்) எவ்வளவோ மேல், மெதுவாகத்தான் இருக்கும்.

சின்னத் தொகுப்பு என்றால் அட்டவணை முழுவதையும் இறக்கிக்கொண்டு நம் கணினியிலேயே தேடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. தேடிய சொல் வெளியே போகவே போகாது. பெரிய வலைகளுக்கு இது ஒத்துவராது, அங்கே என்ன செய்யலாம் என்று கட்டுரையாளர் எழுதினால் படிக்க ஆவல்.