ரெகே ரீஇஷ்யூ போடுகிறவர்களே, எந்த டேப்பிலிருந்து எடுத்தீர்கள்?

ஜமைக்காவின் ரெகே இசைத்தட்டுகளை மறுபடி அச்சிட்டு விற்கும் ரீஇஷ்யூக்காரர்கள் பலர், எந்த மூலப் பதிவு டேப்பிலிருந்து எடுத்தார்கள் என்று சொல்வதில்லை. அந்தப் பஞ்சாயத்துக்கு முன் பாட்டின் கதை. போனி எம் பாடிய "ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்" நம்மூரில் ஒலிக்காத ஸ்பீக்கர் கிடையாது. அது ஜமைக்காவின் மெலோடியன்ஸ் என்ற மூவர் குழு 1970இல் லெஸ்லி காங் தயாரிப்பில் பாடியது என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். பைபிளின் சங்கீதம் 137இன் வரிகளுக்கு நடுவே, ஜமைக்காவின் ராஸ்தஃபாரி சமயத்தார் தெய்வமாக வணங்கிய எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியைக் குறிக்கும் சொற்களை வைத்துப் பாடியிருந்தார்கள். 1978இல் போனி எம் அந்தச் சொற்களை மட்டும் நைசாக உருவிவிட்டு மீதியை வைத்துக்கொண்டது.

பாட்டு எதிர்த் திசையிலும் போயிருக்கிறது. அமெரிக்க, பிரிட்டிஷ் பாப் பாட்டுகளை ஜமைக்காத் தலைநகர் கிங்ஸ்டனின் பாடகர்கள் எடுத்துப் பாடிய தட்டுகள் கணக்கில் அடங்காது. அதையெல்லாம் ஈயடிச்சான் காப்பி என்று ஒதுக்குகிறவர்கள் பாடகரின் குரலை மட்டும் கேட்கிறார்கள், அடியில் நடப்பதைக் கேட்பதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே கேளுங்கள். கிட்டாரின் வெட்டு இரண்டிலும் நான்கிலும் விழும். ஒன் ட்ராப் என்கிற தாளத்தில் காலால் அடிக்கும் பெரிய கிக் டிரம் மூன்றில்தான் இறங்கும். ஒன்று காலி. சமத்தில் அடி விழும் என்று காத்திருக்கும் காதுக்கு அங்கே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தைச் சுற்றி பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டு கட்டும். மூலப் பாட்டில் இல்லாத மெட்டு அது. என் கணக்கில் அதுவும் இசையமைப்புதான்.

ஜமைக்காப் பாடகர் கென் பூத்தின் 1974 தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பிரெட் குழுவைச் சேர்ந்த டேவிட் கேட்ஸ், இறந்துபோன தன் தந்தையை நினைத்து எழுதிய பாட்டு. லேபிளில் "எவ்ரிதிங் ஐ ஓன்" என்று அச்சாகியிருக்கிறது. பூத் பாடுவதோ "எனிதிங்". லாயிட் சார்மர்ஸ் தயாரித்த அந்தத் தட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 1987இல் பாய் ஜார்ஜ் இதே பாட்டைப் பாடி முதலிடம் போனபோது பின்பற்றியது பூத்தின் ரெகேயைத்தான். "ரெட் ரெட் வைன்" பாடிய பிரிட்டிஷ் ரெகே குழு யூபி40இன் கதை இன்னும் வேடிக்கை. அவர்கள் கேட்டு வளர்ந்தது டோனி ட்ரைப் 1969இல் ரெகேயாகப் பாடிய வடிவம். லேபிளில் இருந்த "என். டைமண்ட்" யாரோ ஜமைக்காக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கப் பாடகர் நீல் டைமண்ட் என்று பிறகுதான் தெரிந்தது.

இப்போது ரீஇஷ்யூ பஞ்சாயத்துக்கு வருவோம். ரெகே தட்டுகள் வெளியிட்ட லண்டனின் டிரோஜன் நிறுவனம் 1968இல் தொடங்கி, 1975இல் நொடித்து, பல கை மாறி, 2001இல் சாங்க்சுவரி, 2007இல் யுனிவர்சல், 2013இல் பிஎம்ஜி என்று போயிருக்கிறது. இத்தனை கை மாறிய சரக்கில் எந்த டேப் யாரிடம் இருக்கிறது என்று கேட்பது வாங்குகிறவரின் உரிமை. பின்னட்டையில் பளபளப்பான வரலாற்றுக் கட்டுரை இருக்கும், மூலம் எது என்ற ஒரு வரி இருக்காது. டேப் கிடைக்காமல் பழைய தட்டிலிருந்தே எடுத்தால் குற்றமில்லை. அதை மறைப்பதுதான் குற்றம்.

மறைத்தாலும் காது காட்டிக்கொடுக்கும். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, நீட்டிப் பிடிக்கும் ஆர்கன் சுரத்தைக் கவனியுங்கள். 1.33 வினாடிக்கு ஒரு முறை சுருதி லேசாக ஏறி இறங்கினால், நடுத்துளை விலகிய 45 தட்டிலிருந்து பதிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நிமிடத்துக்கு 45 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.33 வினாடிதானே. அடுத்து, பாட்டின் கடைசிச் சரணத்தில் "ஸ", "ஷ" ஒலிகள் கரகரக்கின்றனவா பாருங்கள். ஏழு அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் ஒலி பதிந்த பள்ளம் வினாடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் ஓடும். உள்வட்டத்தில் அது 25 வரை குறையும். அதே ஒலியைக் குறைந்த இடத்தில் நெருக்கி வெட்ட வேண்டியிருப்பதால் கூர்மையான எழுத்துகள் அங்கேதான் முதலில் உடையும். மூன்றாவது சாட்சி ஹை-ஹாட், அதாவது டிரம்ஸின் ஜோடித் தாளத்தட்டு. இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளில் அளவுக்கு மீறித் தேய்த்திருந்தால் அது தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போல் சலசலக்கும். எனக்கு அதைவிடப் பழைய பொரிச்சல் சத்தமே மேல்.

அறுபதுகளின் இரண்டு டிராக் பதிவுகளை அப்படியே "ஸ்டீரியோ" என்று விற்பது இன்னொரு கொடுமை. பாடகர் ஒரு காதில், வாத்தியக்காரர்கள் மறு காதில். மோனோவாகக் கலக்கத்தான் அந்த இரண்டு டிராக்கும். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்துங்கள், இல்லையென்றால் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் இரண்டு சேனலையும் ஒன்றாக்குங்கள். அசல் மோனோ தட்டுக்கும் இதே வைத்தியம்தான். மோனோ பள்ளத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. சேனல்களைக் கூட்டும்போது மேலும் கீழுமாக வரும் பொரிச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். ஒரே ஒரு எச்சரிக்கை. மோனோவிலிருந்து செயற்கையாகச் செய்த போலி ஸ்டீரியோவைக் கூட்டினால் குழாய்க்குள் பேசுவது போலாகிவிடும். அதில் ஏதாவது ஒரு சேனலை மட்டும் கேளுங்கள்.

வயலின் விவகாரம் தனி. ஜமைக்கா ஜோடி பாப் அண்ட் மார்சியாவின் "யங், கிஃப்டட் அண்ட் பிளாக்" அமெரிக்கப் பாடகி நீனா சிமோனின் பாட்டு. கிங்ஸ்டனில் ஹாரி ஜான்சன் பதிவு செய்ததை லண்டனில் ஜானி ஆர்தியின் வயலின் கூட்டத்தால் மூடி 1970இல் வெளியிட்டார்கள். பிரிட்டனில் ஐந்தாமிடம் வந்தது. வானொலிக்காரர்களை வளைக்கச் செய்த வேலை, பலித்தும் விட்டது. ஆனால் வயலின் இல்லாத ஜமைக்கா வடிவத்தைக் கேட்டால்தான் அந்த பேஸ் எவ்வளவு வேலை செய்கிறது என்று புரியும். தொகுப்பு போடுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே தர வேண்டும். எழுபதுகளின் 45 தட்டுகளில் பின்பக்கம் வந்த, பாடகர் குரலைக் குறைத்த அல்லது நீக்கிய "வெர்ஷன்"களையும் விடக்கூடாது. பாடலுக்கு ஒதுங்கி நின்ற தாளம் அங்கேதான் முன்னால் வருகிறது.

ரீஇஷ்யூவே வேண்டாம் என்று ஜமைக்காவில் அச்சான அசல் தட்டை வாங்குகிறவர்கள் துளையைப் பாருங்கள். 38 மில்லிமீட்டர் பெரிய துளை, பல தட்டுகளில் நடுவிலிருந்து விலகியிருக்கும். துளையை அடைக்கும் அடாப்டரைக் கழற்றிவிட்டுத் தட்டைக் கண்மதிப்பில் நடுவில் வையுங்கள். ஊசியைக் கடைசி வெற்றுப் பள்ளத்தில் இறக்கி, ஊசியைத் தாங்கும் டோன்ஆர்ம் இடவலமாக ஆடுவதைக் கவனியுங்கள். ஊசியைத் தூக்கி, சுழற்சியை நிறுத்தி, ஆர்ம் வெளிப்பக்கம் அதிகம் போன இடத்தில் தட்டின் விளிம்பை ஒரு மயிரிழை உள்ளே தள்ளுங்கள். மூன்று நான்கு முறை செய்தால் ஆட்டம் நின்றுவிடும், பாடகரின் சுருதியும் நேராகிவிடும்.