உலாவிக்குச் சோறு போடுவது யார்?

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பா தம் கைபேசியை என்னிடம் நீட்டி, "இதுல வைரஸ் ஏறிடுச்சுப்பா, அரைமணிக்கு ஒருதரம் சத்தம் போடுது" என்றார். வாங்கிப் பார்த்தேன். திரையின் மேற்பகுதியில் அறிவிப்புகள் அடுக்கடுக்காகக் குவிந்திருந்தன. கைபேசியில் வைரஸ்கள் புகுந்துவிட்டன, பேட்டரி பழுதாகப் போகிறது, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று ஒன்றையொன்று முண்டியடித்துக்கொண்டு வந்த அந்தச் செய்திகளில் ஒன்றுகூட உண்மையில்லை. கைபேசியில் வைரஸும் இல்லை. என்றோ ஒருநாள் அவர் ராசிபலன் படிக்கப் போன ஏதோ ஒரு தளம், தாம் மனிதர்தான் என்று மெய்ப்பிக்க 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்தும்படி கேட்டிருக்கிறது, அவரும் நல்ல பிள்ளையாக அழுத்தியிருக்கிறார். அவர் கொடுத்தது, உலாவியின் (பிரவுசர்) வழியாக எந்த நேரமும் தமக்கு அறிவிப்பு அனுப்பிக்கொள்ளலாம் என்ற உரிமை. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தபோது அப்படி உரிமை பெற்ற தளங்கள் ஒன்பது இருந்தன.

அவற்றை நீக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. ஆனால் அவருடைய ஓய்வூதியம் வந்து விழும் வங்கிக் கணக்கின் செயலியும் அதே கைபேசியில்தான் இருக்கிறது என்பதையும், அந்த அறிவிப்புகளில் ஏதாவது ஒன்றைத் தொட்டு அது காட்டும் 'சுத்தம் செய்யும் செயலி'யை அவர் நிறுவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் நினைத்தபோது, இத்தனை நாள் நான் ஏன் அவருடைய உலாவியை விளம்பரத் தடுப்பான் உள்ள ஒன்றாக மாற்றிக் கொடுக்காமல் இருந்தேன் என்று என்மீதே கோபம் வந்தது. விளம்பரத் தடுப்பானைப் பொறுமையில்லாதவர்களின் வசதிப் பொருளாகவே நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு அது வாசற்கதவின் தாழ்ப்பாளாகத்தான் படுகிறது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அமைப்பே, தேடல் முடிவுகளில் உண்மையான நிறுவனங்களைப் போல வேடமிட்டு வரும் விளம்பரங்களைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்து, இணையத்தில் தேடும்போது விளம்பரத் தடுப்பான் பயன்படுத்துங்கள் என்று வெளிப்படையாகப் பரிந்துரைத்தது.

எந்த உலாவி நல்லது என்று கேட்பவர்களுக்கு வேகத்தையும் அழகையும் ஒப்பிட்டுச் சொல்வதைவிட, அந்த உலாவிக்குச் சோறு போடுவது யார் என்று முதலில் கேட்கச் சொல்வதையே நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். உலாவியை நாம் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. ஆனால் ஒரு உலாவியை எழுதிப் பராமரிக்க நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் ஆண்டு முழுவதும் உழைக்க வேண்டும். அந்தச் சம்பளம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும்.

குரோமில் இதற்கு விடை எளிது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 2024ஆம் ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு விளம்பரத்திலிருந்து வந்தது. குரோமைப் பாதுகாப்பற்ற உலாவி என்று சொல்லிவிட முடியாது. பாதுகாப்புக் குறைகளை விரைந்து சரிசெய்வதிலும், ஒரு தளம் இன்னொரு தளத்தின் நினைவகத்தைத் தொடவிடாமல் பிரித்துவைப்பதிலும் அது முன்வரிசையில் இருக்கிறது. திருடனிடமிருந்து அது நம்மைக் காப்பாற்றும், தன் முதலாளியிடமிருந்து காப்பாற்றாது. ஆண்ட்ராய்டு குரோமில் விளம்பரத் தடுப்பு நீட்சி (உலாவியோடு கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) எதையும் சேர்க்க வழியே இல்லை. மேசைக்கணினியில் சேர்க்க வழியிருந்தது. நீட்சிகளுக்கான விதிகளை மாற்றியமைத்து, 2024இலும் 2025இலுமாக யூபிளாக் ஆரிஜின் என்ற சிறந்த தடுப்பானை அங்கேயும் செயலிழக்கச் செய்துவிட்டார்கள். தளத்துக்குத் தளம் நம்மைப் பின்தொடர வெளி நிறுவனங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு பதிவுகளான மூன்றாம் தரப்புக் குக்கிகளை இரண்டே ஆண்டுகளில் ஒழிப்போம் என்று 2020 ஜனவரியில் அறிவித்து, பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டதும் இதே நிறுவனம்தான். ஆப்பிளின் உலாவியான சஃபாரியோ அதே குக்கிகளை 2020 மார்ச்சிலேயே முழுமையாகத் தடுத்துவிட்டது. முடியாத வேலையில்லை, செய்தால் வருமானம் போய்விடும் வேலை.

குரோமின் மறைநிலையை (இன்காக்னிட்டோ) நம்பி இருப்பவர்களுக்கும் ஒரு சொல். அது உங்கள் தேடல் வரலாற்றை உங்கள் வீட்டாரிடமிருந்து மறைக்கும், அவ்வளவே. மறைநிலையிலும் தங்களைப் பற்றிய தரவு திரட்டப்பட்டது என்று 2020இல் அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கில், அப்படித் திரட்டப்பட்ட பெருந்தொகையான பதிவுகளை அழிப்பதற்கு 2024இல் கூகுள் ஒப்புக்கொண்டது.

சோறு போடுவது யார் என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் உண்டு. மெதுவான இணைப்பிலும் விரைவாகப் பக்கம் திறக்கும், பாட்டும் படமும் இறக்க வசதி, கிரிக்கெட் ஸ்கோர் முகப்பிலேயே தெரியும் என்பதற்காக ஒரு காலத்தில் நாம் எல்லோரும் சீனாவின் அலிபாபா நிறுவனத்துக்குச் சொந்தமான யூசி பிரவுசரை வைத்திருந்தோம், நானும் வைத்திருந்தேன். டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2015 மே மாதத்தில் அதை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், அதன் சீன மொழிப் பதிப்பு சிம் அட்டையின் அடையாள எண், கைபேசிக் கருவியின் அடையாள எண், இருப்பிடம் ஆகியவற்றைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் சரியான மறையாக்கம் இல்லாமல் அனுப்பியதையும், ஆங்கிலப் பதிப்பு நாம் தேடும் சொற்களையே வெட்டவெளியில் அனுப்பியதையும் காட்டியது. அந்த அறிக்கை வந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் நம் ஊரில் அந்த உலாவிதான் கொடிகட்டிப் பறந்தது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் அது அடங்கியிருந்தது. அதன் பின்னர்தான் பலர் அதைக் கைவிட்டார்கள், அதுவும் எல்லையில் நடந்த மோதலின் காரணமாக, அந்தரங்கத்தின் காரணமாக அல்ல.

இனி நான் பரிந்துரைக்கும் இரண்டு உலாவிகளுக்கு வருகிறேன். இவற்றின் சோற்றையும் நான் கிளறிப் பார்க்காமல் விடப்போவதில்லை.

முதலாவது பிரேவ். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை 1995இல் உருவாக்கியவரும், பயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லாவை நிறுவியவர்களில் ஒருவருமான பிரெண்டன் ஐக், பிரையன் பாண்டியுடன் சேர்ந்து 2015இல் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பு அது. குரோமின் அடித்தளமான குரோமியத்தின் மீதே கட்டப்பட்டிருப்பதால் அதன் பாதுகாப்பு அரண்கள் இதற்கும் கிடைக்கின்றன. விளம்பரத் தடுப்பு உள்ளேயே பொதிந்திருக்கிறது, நிறுவிய கணத்திலிருந்தே வேலை செய்கிறது. இந்தக் கடைசிக் காரணமே பெரியப்பாவைப் போன்றவர்களுக்கு எனக்குப் போதுமானது, ஏனென்றால் அமைப்புகளுக்குள் போய் எதையும் மாற்றப் போகிறவர்கள் அல்லர் அவர்கள். உலாவி எந்த நிலையில் கையில் கொடுக்கப்படுகிறதோ அந்த நிலையில்தான் அவர்கள் காலம் முழுவதும் அதைப் பயன்படுத்துவார்கள்.

ஆனால் பிரேவும் காற்றைக் குடித்து வாழவில்லை. புதிய பக்கத்தில் வரும் விளம்பரப் படங்கள், பயனர் விரும்பினால் மட்டும் காட்டப்படும் விளம்பரங்கள், அவற்றைப் பார்ப்பதற்குக் கூலியாகத் தரப்படும் பேட் என்ற மின்னாணயம், இவையெல்லாம் அதன் பிழைப்பு. 2020 ஜூனில், முகவரிப் பட்டையில் ஒரு மின்னாணயச் சந்தையின் பெயரைத் தட்டச்சு செய்தவர்களுக்கு பிரேவ் தன் தரகுக் குறியீடு சேர்ந்த முகவரியை நிரப்பிக் கொடுத்தது அம்பலமாகி, பிரெண்டன் ஐக் மன்னிப்புக் கேட்டு அதைத் திருத்தினார். அந்தரங்கத்தைக் கடைவிரித்து விற்கும் உலாவி செய்யக் கூடாத வேலை அது. அதனால்தான் யாருக்கு நிறுவிக் கொடுத்தாலும் வெகுமதி, பணப்பை, செய்தி ஓடை ஆகியவற்றை அணைத்துவிட்டே கொடுக்கிறேன்.

இரண்டாவது பயர்பாக்ஸ், என் சொந்தக் கைபேசியில் இருப்பது அதுதான். பயர்பாக்ஸ் தானாக எல்லா விளம்பரங்களையும் தடுப்பதில்லை. பின்தொடரும் குக்கிகளையும் நிரல்களையும் தடுக்கும், ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி ஜாடியில் போட்டு மூடிவைக்கும். விளம்பரத்தைத் தடுக்க நாம்தான் யூபிளாக் ஆரிஜினைச் சேர்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அதைச் சேர்க்க முடிகிற மிகச் சில உலாவிகளில் இது ஒன்று. அந்த நீட்சியை எழுதி வரும் ரேமண்ட் ஹில் நன்கொடைகூட வாங்குவதில்லை. சோறு போடுவது யார் என்ற என் கேள்வி தோற்றுப்போகிற ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன்; நேர்மாறாக, 2011இலேயே 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்று ஒரு வழியைத் திறந்து, அதற்காகப் பெரிய விளம்பர நிறுவனங்களிடம் கட்டணம் வாங்கும் ஆட்பிளாக் பிளஸ் என்ற இன்னொரு தடுப்பானையும் நாம் பார்த்திருக்கிறோம்.

பயர்பாக்ஸின் சோற்றிலும் கல் உண்டு. மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளை இயல்புத் தேடுபொறியாக வைத்திருப்பதற்காக கூகுளே தருகிற பணம். தங்கள் பயனர்களின் தரவை ஒருபோதும் விற்க மாட்டோம் என்று தளத்தில் எழுதிவைத்திருந்த உறுதிமொழியை 2025 பிப்ரவரியில் நீக்கிவிட்டு, எதிர்ப்பு கிளம்பிய பிறகு விதிகளின் சொற்களை மாற்றி விளக்கம் சொன்னார்கள். போதாக்குறைக்கு, ஆண்ட்ராய்டில் தளங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கும் அரண் குரோமியம் உலாவிகளில் உள்ள அளவுக்குப் பயர்பாக்ஸில் வலுவாக இல்லை என்று, பாதுகாப்பை முதன்மையாகக் கொண்டு ஆண்ட்ராய்டை மாற்றியமைத்துத் தரும் கிராஃபீன் ஓஎஸ் குழுவினர் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அது நியாயமான குறை. இருந்தும் நான் அதையே வைத்திருப்பதற்குக் காரணம், தீய நிரல் பக்கத்துக்குள் வந்து இறங்கிய பிறகு அதை அடைத்துவைக்கும் சுவரைவிட, அது இறங்கவே விடாத தடுப்பான்தான் என் அன்றாடத்தில் அதிகம் பயன்படுகிறது என்பது. இன்னொருவர் மாறாக எடைபோட்டால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

டக்டக்கோ உலாவி எளிமையானது, ஆனால் 2022 மே மாதத்தில் அது மைக்ரோசாஃப்டின் பின்தொடரிகளுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தது ஓர் ஆய்வாளரால் வெளிவந்தது. அதன் தேடல் விளம்பரங்கள் மைக்ரோசாஃப்டிடமிருந்து வருகின்றன என்பதைச் சேர்த்துப் பார்த்தால் கணக்குப் புரியும். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த விதிவிலக்கைப் பெருமளவு நீக்கினார்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு குறுகியது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஜப்பானுக்கும் வெளியே அங்கே எல்லா உலாவிகளும், பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் சஃபாரியின் வெப்கிட் எஞ்சினில்தான் ஓடியாக வேண்டும், பயர்பாக்ஸில் நீட்சியும் சேர்க்க முடியாது. ஆகவே சஃபாரியிலேயே ஒரு தடுப்பானை நிறுவிக்கொள்வதோ பிரேவை வைத்துக்கொள்வதோ போதும். சஃபாரியில் இயல்புத் தேடுபொறியாக இருப்பதற்காக ஆப்பிளுக்கும் 2022இல் மட்டும் கூகுள் 2,000 கோடி டாலர் கொடுத்தது நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்திருக்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இவ்வளவு கவனம் தேவையா என்று கேட்பவர்களுக்கு, முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் செய்ததைச் சொல்கிறேன். ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2025 ஜூனில் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. ஆண்ட்ராய்டு கைபேசியில் முகநூல் அல்லது இன்ஸ்டாகிராம் செயலி பின்னணியில் இருந்தால், அது கைபேசிக்குள்ளேயே ஒரு கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும். நீங்கள் உலாவியில் ஏதோ ஒரு மருத்துவத் தளத்தையோ கடையையோ திறக்கும்போது, அங்கே பதிக்கப்பட்டிருக்கும் மெட்டா பிக்சல் என்ற நிரல் உங்கள் குக்கியை அந்தக் கதவின் வழியே செயலியிடம் சேர்த்துவிடும்; செயலியோ உங்கள் பெயரிலேயே உள்நுழைந்திருக்கிறது. குக்கிகளை அழித்தாலும், மறைநிலையில் உலாவினாலும் இதிலிருந்து தப்ப முடியாது. செய்தி வெளியான அன்றே மெட்டா அந்த நடைமுறையை நிறுத்திக்கொண்டது. கைபேசிக்குள்ளேயே நடக்கும் இத்தகைய உரையாடலுக்குப் பயனரின் அனுமதியை முன்பிருந்தே கேட்டு வந்ததால் பிரேவ் இதில் சிக்கவில்லை. பிக்சலையே இறக்க விடாத தடுப்பான் வைத்திருந்தவர்களும் சிக்கியிருக்க வழியில்லை.

விளம்பரத்தை எல்லாரும் தடுத்துவிட்டால் எழுதுகிறவர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. நான் நாள்தோறும் படிக்கிற, பாப்-அப் காட்டாத மூன்று தமிழ்த் தளங்களுக்குத் தடுப்பானை விலக்கி வைத்திருக்கிறேன். பெரியப்பாவின் தலையில் அறிவிப்புகளைக் கட்டிய அந்த ஒன்பது தளங்களுக்கு அந்தக் கடமை எனக்கு இல்லை.

பெரியப்பாவின் கைபேசியில் நான் செய்தது இவ்வளவுதான். பிரேவை நிறுவி இயல்பு உலாவியாக்கினேன். தளங்கள் அறிவிப்பு கேட்பதையே முழுவதுமாக அணைத்தேன். மற்றச் செயலிகளுக்குள் வரும் விளம்பரங்களையும் ஓரளவு குறைக்க, ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள பிரைவேட் டிஎன்எஸ் வசதியில் (தளங்களின் இணைய முகவரியைத் தேடித் தரும் சேவையை நாமே தேர்ந்தெடுக்கும் இடம் அது), விளம்பரத் தளங்களை வடிகட்டும் ஆட்கார்டின் முகவரியைக் கொடுத்தேன். முகநூலில் ஓர் இணைப்பைத் தொட்டால் அது முகநூலின் சொந்த உள் உலாவியில்தான் திறக்கும், நாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த உலாவிக்கு அங்கே வேலையில்லை; ஆகவே மூன்று புள்ளியைத் தொட்டு வெளி உலாவியில் திறப்பதை அவருக்குப் பழக்கிக் கொடுத்தேன். அந்த உள் உலாவி தான் திறக்கும் பக்கங்களில் தன் நிரலைச் செருகுவதை ஃபீலிக்ஸ் க்ராவ்ஸ என்ற ஆய்வாளர் 2022இலேயே காட்டியிருக்கிறார்.

தடுப்பான் சில நேரம் நல்ல பக்கத்தையும் முடக்கிவிடும், அப்போது முகவரிப் பட்டையிலுள்ள சிங்கப் படத்தைத் தொட்டு அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் அழைத்தார். பணம் கட்டும் பக்கம் ஒன்று திறக்கவில்லையாம், சிங்கத்தைத் தொட்டதும் திறந்துவிட்டதாம். "கட்டி முடிச்சாச்சு, இப்ப அந்தச் சிங்கத்தைத் திரும்ப எழுப்பி விடணுமா, இல்ல அதுவா எந்திரிச்சுக்குமா?" என்று கேட்டார். அந்த ஒரு தளத்தில்தான் அது தூங்குகிறது, மற்ற இடங்களிலெல்லாம் விழித்துத்தான் இருக்கிறது என்றேன்.